தடநாள் காருக்கான டயரும் சக்கரமும்

பரிசோ வரிசையோ கருதாமல், சொந்தக் காரை அதன் எல்லை வரை ஓட்டிப் பார்ப்பதற்காகப் பந்தயத் தடம் ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் நாள் தடநாள் எனப்படும். அந்நாளுக்காகக் காரில் செய்யப்படும் மாற்றங்களுள் முதலில் கருதத்தக்கது டயரே. எஞ்சின் தரும் விசையும் பிரேக் தரும் தடையும் ஸ்டியரிங் தரும் திருப்பமும் தரையைச் சென்றடைய, ஏறத்தாழ உள்ளங்கை அளவேயான நான்கு ரப்பர்ப் பரப்புகளைத் தவிர வேறு வழி இல்லை. சக்கரத்தின் பணி அந்த டயரைச் சரியான வடிவில் தாங்கி நிற்பது மட்டுமே. ஆகவே டயரை முதலில் முடிவுசெய்து, அதற்குப் பொருந்தும் சக்கரத்தை அடுத்துத் தேடுவதே முறையாகும். கண்ணைக் கவரும் அலாய் வீலை முதலில் வாங்கிவிட்டு, அதில் ஏறக்கூடிய டயர் எது என்று பிறகு கடைகடையாக விசாரிக்கும் வழக்கம் பணத்தையும் பிடிப்பையும் ஒருசேர இழக்கச் செய்கிறது.

தடத்துக்குச் செல்லும் சாலை

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அமைந்த ஆமத்தூரையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தவர்களுக்கு எட்டும் தொலைவில் இரண்டு தடங்கள் உள்ளன. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே, ஃபார்முலா மாருதி பந்தயக் காரை வடிவமைத்தவரும் 1995இல் விமான விபத்தில் மறைந்தவருமான எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது, 2 கி.மீ.க்குச் சற்றே கூடுதலான நீளமுடைய இத்தடம் ஆமத்தூரிலிருந்து திண்டுக்கல் வழியாக ஏறத்தாழ 250 கி.மீ. தொலைவில் உள்ளது. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம், 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் உடைமையாகும். சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த பந்தயங்களின் தொடர்ச்சியாக 1990இல் பயன்பாட்டுக்கு வந்த இத்தடத்தின் நீளம் 3.717 கி.மீ.; மதுரை, திருச்சி, விழுப்புரம் வழியாகச் செல்வோர் ஏறத்தாழ 500 கி.மீ. பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

இத்தொலைவுகள் டயர்த் தேர்வின் முதல் விதியை வகுத்துவிடுகின்றன. காரை லாரியில் ஏற்றிக் கொண்டுசெல்லும் வசதி பெரும்பாலோருக்கு இல்லாததால், தடத்தில் சுழலப்போகும் அதே டயரே நெடுஞ்சாலையிலும் சுழன்று, மாலையில் அதே சாலையில் வீட்டுக்கும் திரும்பியாக வேண்டும். தடத்தில் இரண்டு விநாடி மிச்சப்படுத்தித் தரும் டயர், திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டால் காரை நேராக நிறுத்தாது என்றால், அதை இந்த வட்டாரத்துக் காருக்கு உகந்த டயர் என்று சொல்ல இயலாது.

மழையைப் பற்றிய இக்கவலை ஆமத்தூர் வட்டாரத்துக்குத் தனிப் பொருளுடையது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் வானிலையே இங்கே பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் வேரூன்றக் காரணமாயிற்று. அந்த வறட்சிக்குப் பழகிய ஓட்டுநர் ஈரச்சாலை டயரைப் பற்றி நினைப்பது அரிது. ஆனால் பட்டாசுத் தொழிலோடு தொடர்புடையவர்களுக்கு உண்மையான ஓய்வு கிடைப்பது தீபாவளி முடிந்த பிறகான சில வாரங்களில்தான். அவையோ வடகிழக்குப் பருவமழை சென்னையை நனைக்கும் வாரங்கள். ஓய்வு கிடைக்கும்போது தடநாளுக்குப் பதிவுசெய்யும் சிவகாசிக்காரர் ஒருவர் இருங்காட்டுக்கோட்டையில் நீர் தேங்கிய தார்த்தளத்தைச் சந்திக்கும் வாய்ப்பே மிகுதி. கோயம்புத்தூர்ப் பகுதியும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மழைக்கு விலக்கானதன்று. எனவே ஈரத்தில் நீரை வெளியேற்றக்கூடிய ஆழமான வரிப்பள்ளங்கள் டயரில் இருக்க வேண்டும் என்பது இங்கே விருப்பத் தெரிவாக இல்லாமல் கட்டாயமாகிறது.

டயரின் வகைகள்

ரப்பர் தரையைப் பிடிப்பது இரு வழிகளில் நிகழ்கிறது. மென்மையான ரப்பர் தார்த்தளத்தின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தி, அவற்றின் மேல் உருமாறி மீளும்போது ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. இது தயக்க இழப்பு எனப்படும். அத்துடன் ரப்பரும் தளமும் மூலக்கூறு அளவில் ஒட்டிக்கொள்ளும் விசையும் சேர்ந்துகொள்கிறது. இவ்விரண்டும் குறிப்பிட்ட வெப்பநிலை எல்லைக்குள் உச்சத்தை அடைகின்றன. அதற்குக் கீழே ரப்பர் விறைப்பாகவும், அதற்கு மேலே வழவழப்பாகவும் ஆகிவிடுகிறது. ரப்பர்க் கலவையின் மென்மையே தடநாள் டயரையும் சாலை டயரையும் பிரிக்கும் முதன்மை வேறுபாடு என்பது இதனால் விளங்கும்.

வரிப்பள்ளமே இல்லாத ஸ்லிக் டயர் முழுப் பந்தயத்துக்கானது. நம் ஊரில் தேய்ந்துபோனதை மொட்டை டயர் என்பார்களே, அதனோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தேய்ந்த சாலை டயரில் எஞ்சியிருப்பது வெயிலில் இறுகிய பழைய ரப்பர். ஸ்லிக்கில் இருப்பது புதிய, மிக மென்மையான கலவை. சாலையில் ஸ்லிக்கை ஓட்டச் சட்டம் இடம் தருவதில்லை என்பதால், காரை ஓட்டிச் செல்வோர் அதைத் தனிச் சக்கரங்களில் பூட்டிப் பின்னிருக்கையை மடக்கி ஏற்றிச்செல்ல வேண்டும். அதற்கு அடுத்த படியில் இருப்பது அரை ஸ்லிக். பெயருக்குச் சில பள்ளங்கள் வெட்டப்பட்ட இவ்வகை, வறண்ட தடத்தில் அருமையாகப் பிடித்து, தேங்கிய நீரில் காரை மிதக்கவிட்டுவிடும். மூன்றாவது வகை, உயர்திறன் கோடை டயர் என்று சொல்லத்தக்கது. சாலைக்கென்றே உருவாக்கப்பட்டு, நீரை வெளியேற்றும் அகன்ற நெடும்பள்ளங்களும் விறைப்பான பக்கச்சுவரும் உடையது. ஆமத்தூரிலிருந்து முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் தடநாளுக்குச் செல்லப்போகிறவருக்கு இம்மூன்றாவது வகையே உரியது என்பது இந்நூலின் தெளிவான முடிபு. மென்மையான டயர் ஓட்டுநரின் பிழைகளை மறைத்து, பிடிப்பு விடும்போது முன்னறிவிப்பின்றித் திடீரென விட்டுவிடுகிறது. சாலை டயரோ கீச்சிட்டு எச்சரித்து, மெல்ல மெல்ல நழுவி, எல்லை எங்கே இருக்கிறது என்பதைக் கற்பிக்கிறது.

மென்மையை ஒப்பிட, டயரின் பக்கத்தில் பொறிக்கப்படும் தேய்மான எண் உதவுகிறது. அமெரிக்க முறையில் 100 என்னும் அடிப்படை டயரோடு ஒப்பிட்டு உற்பத்தியாளரே வழங்கும் எண் இது. 400 என்று குறிக்கப்பட்டது நெடுநாள் உழைக்கும் குடும்பக் கார் டயர், 200க்கு அருகில் உள்ளது தடத்துக்கும் சாலைக்கும் இடைப்பட்டது, 100உம் அதற்குக் கீழும் உள்ளவை பெரும்பாலும் அரை ஸ்லிக்குகள். வெவ்வேறு நிறுவனங்களின் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுவது முழு நம்பகம் உடையதன்று. ஒரே நிறுவனத்தின் இரு டயர்களை ஒப்பிட அது போதுமானது. 2020 ஜூன் மாதம் டயர் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் சேர்க்கப்பட்டதிலிருந்து வெளிநாட்டுத் தடநாள் டயர்கள் பல இந்தியாவில் எளிதில் கிடைப்பதில்லை. கடைக்காரர் எங்கிருந்தோ வரவழைத்துத் தருவதாகச் சொல்லும் டயரில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

ஸ்விஃப்ட் காரில் பரவலாகக் காணப்படும் 185/65 ஆர்15 88எச் என்னும் குறியீட்டை எடுத்துக்கொண்டால், 185 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 65 விழுக்காடு என்பது, அதாவது ஏறத்தாழ 120 மி.மீ.; ஆர் என்பது ரேடியல் அமைப்பு; 15 என்பது சக்கரத்தின் விட்டம் அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும் சுமைக் குறியீடு. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. வரை தாங்கும் வேகக் குறியீடு; டி 190க்கும் வி 240க்கும் உரியவை. சிறிய காரொன்று நேர்ப்பாதையில் 170 கி.மீ.யைக்கூடத் தொடாது என்பதால் டி போதுமே என்று எண்ணத் தோன்றும். ஆனால் வேகக் குறியீடு உண்மையில் வெப்பத்தைத் தாங்கும் திறனையும் சொல்கிறது. வளைவுகளில் பக்கச்சுவர் ஓயாது மடங்கி விரியும் தடத்தில் எச்சுக்குக் குறைந்த டயரை இந்நூல் பரிந்துரைப்பதில்லை.

இவற்றினும் முக்கியமானது, பலர் பார்க்கவே மறக்கும் நான்கு இலக்க எண். 2324 என்று இருந்தால் அந்த டயர் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் உருவானது. பயன்படுத்தாமல் கடையிலேயே கிடந்தாலும் ரப்பர் ஆக்சிஜனாலும் ஓசோனாலும் வெப்பத்தாலும் இறுகிக்கொண்டே இருக்கிறது. கரிசல் காட்டின் கோடையில் தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடைகளைக் கழித்த டயர், பள்ளம் முழுமையாக இருந்தாலும், தன் மென்மையில் ஒரு பங்கை இழந்திருக்கும். தள்ளுபடி விலையில் கிடைக்கும் பழைய இருப்பைத் தடநாளுக்கென வாங்கலாகாது. ரீட்ரெட் செய்த டயரைத் தடத்தில் ஏற்றுவது உயிரோடு விளையாடுவதாகும்.

அளவும் சக்கரமும்

அகலமான டயர் அதிகம் பிடிக்கும் என்னும் பரவலான நம்பிக்கையில் பாதி உண்மை உண்டு. டயரின் மேல் அழுத்தும் சுமை இருமடங்கானால் பிடிப்பு இருமடங்காவதில்லை, அதற்குக் குறைவாகவே கூடுகிறது. இதைச் சுமை உணர்திறன் என்பர். வளைவில் வெளிப்பக்க டயரின் மேல் சுமை குவியும்போது, அகலமான டயர் அச்சுமையைச் சற்றே நன்றாகக் கையாண்டு, வெப்பத்தையும் கூடுதல் ரப்பரில் பரப்புகிறது. ஆயினும் அந்த ரப்பரைச் சூடேற்றப் போதிய எடையும் வேகமும் இல்லாத சிறிய காரில் மிக அகலமான டயர் வேலை செய்யும் வெப்பநிலையை எட்டாமலே போகலாம். ஈரத்தில் அது எளிதாக மிதக்கவும் செய்யும். ஒரு படி கூட்டுவதோடு நின்றுகொள்வது நலம்.

185/65 ஆர்15 டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 621 மி.மீ. அதற்குப் பதில் 195/60 ஆர்15 பூட்டினால் விட்டம் 615 மி.மீ. ஆகிறது, 1 விழுக்காடே குறைவதால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் குழப்பமடைவதில்லை, பக்கச்சுவரும் சற்றுக் குறைந்து திருப்பம் கூர்மையாகிறது. அழகுக்காக 205/45 ஆர்17க்குத் தாவுவோரும் 616 மி.மீ. விட்டத்தையே பெறுகின்றனர், ஆனால் பக்கச்சுவர் 92 மி.மீ. ஆகச் சுருங்கி, பெரிய சக்கரத்தின் எடை விளிம்பை நோக்கி நகர்ந்து, முடுக்கமும் தடையும் மந்தமாகின்றன. விளிம்பில் சுழலும் ஒரு கிலோ, காருக்குள் கிடக்கும் ஏறத்தாழ இரண்டு கிலோவுக்கு இணையான சுமையை எஞ்சின் மேல் ஏற்றுகிறது. அத்துடன் சக்கரமும் டயரும் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை; அவை கனத்தால், மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டு எழும்பித் திரும்ப ஊன்ற நேரம் பிடிக்கிறது. பிரேக் காலிப்பரில் இடிக்காத மிகச் சிறிய, மிக இலேசான சக்கரமே தடநாள் காருக்குச் சிறந்த சக்கரம்.

ரிம்மின் அகலம் டயருக்குப் பொருந்த வேண்டும். 195 அகல டயருக்கு 6 அல்லது 6.5 அங்குல ரிம் ஏற்றது. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பிதுங்கி, வளைவில் தள்ளாடும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் அமரும் முகம் எவ்வளவு விலகியிருக்கிறது என்னும் அளவு. அதைக் குறைத்தால் சக்கரம் வெளியே தள்ளி நின்று தோற்றம் முறுக்கேறும், ஆனால் வீல் பேரிங் மீதான பளுவும் ஸ்டியரிங்கின் இழுப்பும் கூடும். கம்பெனி அளவிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் விலகாமல் இருப்பது நல்லது.

பூட்டும் முறையில் செய்யும் சிறு கவனக்குறைவு பெருங்கேட்டை விளைக்கும். போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட அளவும் காருக்குக் கார் மாறும். எடுத்துக்காட்டாக, ஃபோக்ஸ்வாகன் போலோவில் 100 மி.மீ. வட்டத்தில் ஐந்து போல்ட்டுகள் உள்ளன, அவற்றின் இருக்கை உருண்டை வடிவினது. வெளியே வாங்கும் அலாய் வீல்கள் பலவற்றில் இருக்கை கூம்பு வடிவில் இருக்கும். பழைய உருண்டைப் போல்ட்டையே கூம்பு இருக்கையில் முறுக்கினால் தொடும் பரப்பு ஒரு மெல்லிய கோடாகக் குறுகி, தடத்தின் அதிர்வில் தானே தளர்ந்துவிடும். சக்கரத்தின் நடுத்துளை ஹப்பை விடப் பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும். பிளாஸ்டிக் வளையம் பிரேக்கின் சூட்டில் இளகிவிடும் என்பதால் அலுமினிய வளையமே தேவை. நட்டையோ போல்ட்டையோ காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிவிட்டு நிறுத்திக்கொள்ளாமல், டார்க் ரெஞ்சு கொண்டு காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறிய பின் மறுபடி சரிபார்க்க வேண்டும். பேலன்சிங்குக்காக ஒட்டும் ஈயக்கட்டிகளின் மேல் அலுமினிய நாடா ஒட்டிவிட்டால் அவை சூட்டில் கழன்று பறக்கா.

காற்றழுத்தம்

மூடிய கலனில் உள்ள வாயுவின் முழு அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடும். 30 டிகிரி செல்சியஸில் 30 பிஎஸ்ஐ நிரப்பிய டயரின் உட்காற்று 80 டிகிரியை எட்டினால், வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்துக் கணக்கிட, அளவுமானி 37 பிஎஸ்ஐக்கு மேல் காட்டும். அந்த அழுத்தத்தில் டயரின் நடுப்பகுதி உப்பி, தரையைத் தொடும் பரப்பு சுருங்கி, கார் நழுவத் தொடங்கும். எனவே தடத்தில் கவனிக்கத்தக்கது ஓட்டம் முடிந்தவுடன் அளக்கும் சூடான அழுத்தமே. சிறிய முன்சக்கர இயக்கக் கார்களுக்குச் சூடான நிலையில் 32 முதல் 36 பிஎஸ்ஐ வரை என்பது நல்ல தொடக்கம். அங்கிருந்து காரே வழி சொல்லும். டயரின் தோள்பட்டையில் சுண்ணக்கட்டியால் கோடு கிழித்து ஓட்டிப் பார்த்தால், கோடு அழிந்த எல்லை டயர் எவ்வளவு மடங்குகிறது என்பதைக் காட்டிவிடும்: பக்கச்சுவர் வரை அழிந்தால் காற்று போதாது, தோளையே தொடாவிட்டால் மிகுதி. நைட்ரஜனால் அற்புதம் நிகழ்வதில்லை. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். தனியாக நிரப்பும் நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லாததால் அழுத்தம் சற்றுச் சீராகக் கூடும் என்பது மட்டுமே பயன்.

சூடான அழுத்தத்தை இந்த அளவுக்குள் வைக்கத் தடத்தில் குறைத்த காற்றைத் திரும்பும்முன் மீண்டும் நிரப்பாமல் நெடுஞ்சாலையில் ஏறுவது இந்த வட்டாரத்தவர் செய்யக்கூடிய மிக ஆபத்தான பிழை. ஆறியதும் 25 பிஎஸ்ஐக்கு இறங்கிவிடும் டயர், ஆள்களையும் மூட்டை முடிச்சுகளையும் சுமந்து மணிக்கணக்கில் விரையும்போது பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கும். சொந்தமாக ஓர் அளவுமானியும் மின்பம்பும் காரில் இருப்பது, புதிய அலாய் வீலை விடப் பயனுள்ள செலவு.

தடத்துக்குத் தடம் மாறும் சோதனை

2005 ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் நடந்த ஃபார்முலா ஒன் பந்தயத்தில், மிஷலின் டயர் பூட்டிய 14 கார்கள் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பந்தயத்திலிருந்து விலகின. இரண்டு நாள் முன்பு பயிற்சியின்போது 13ஆவது வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடப்புறப் பின்டயர் செயலிழந்து கார் சுவரில் மோதியிருந்தது. மற்றத் தடங்களில் சிறப்பாக உழைத்த அந்த டயர், சரிவாகக் கட்டப்பட்ட அந்த ஒரு வளைவின் பளுவைத் தாங்கவில்லை. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு கார்கள் மட்டுமே ஓடிய அப்பந்தயத்தில், ஜோர்டான் அணிக்காக ஓட்டிய கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து 5 புள்ளிகள் பெற்றார். உலகின் தேர்ந்த பொறியாளர்களுக்கே நேர்ந்த இந்நிகழ்வு, ஒரு தடத்தில் தேர்ச்சி பெற்ற டயரை மற்றொரு தடத்துக்கும் தேர்ச்சி பெற்றதாகக் கருதக் கூடாது என்பதைக் காட்டுகிறது. செட்டிபாளையத்தில் அடுத்தடுத்து வரும் வளைவுகள் டயருக்கு ஆறும் நேரத்தைக் குறைக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் வேகம் மிகுந்த வளைவுகள் ஒரு பக்க டயரை நீண்ட நேரம் அழுத்துகின்றன. புதிய தடத்தில் முதல் ஓட்டத்தை ஐந்து சுற்றுகளோடு முடித்து, நான்கு டயர்களின் தோள்களையும் கையால் தடவிப் பார்ப்பது நன்று. ரப்பர் துணுக்குகளாகப் பிய்ந்திருந்தால் அது சூட்டின் அடையாளம். வெளித்தோள் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் சக்கரத்தின் மேற்புறத்தை உள்நோக்கிச் சாய்க்கும் நெகட்டிவ் கேம்பரை அலைன்மென்ட் கடையில் கூட்டச் சொல்ல வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய நாள் டயரைக் கழுவி, வெளிச்சத்தில் சுற்றிப் பார்ப்பது இங்கே கூடுதல் அக்கறையோடு செய்யத்தக்கது. சாலையோரமெங்கும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள் டயருக்குள் ஒடிந்து நின்று, நாள்கணக்கில் மெல்லக் காற்றிறக்கும். சரக்குப் பெட்டிகளிலிருந்து உதிர்ந்த ஆணிகளும் அப்படியே. பஞ்சர் ஒட்டிய டியூப்லெஸ் டயர் ஊருக்குள் ஓடலாம், தடத்துக்கு ஆகாது. நான்கு டயர்களும் ஒரே நிறுவனம், ஒரே வகை, ஏறத்தாழ ஒரே வயது உடையனவாக இருக்க வேண்டும்; முன்னே மட்டும் புதியதைப் பூட்டிப் பின்னே தேய்ந்ததை விட்டால், ஈரவளைவில் காரின் பின்பகுதி முந்திக்கொண்டு சுழலும். பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்த டயரைச் சாலையில் ஓட்டுவது மோட்டார் வாகன விதிகளுக்குப் புறம்பானது. தடத்தில் ஒரே நாளில் 2 மி.மீ. வரை தேயக்கூடும் என்பதால், காலையில் 4 மி.மீ.யாவது இருந்தால்தான் மாலையில் நிம்மதியாகத் திரும்ப முடியும்.

தடநாளுக்கென இரண்டாவது செட் டயர் வாங்குவோர் அதை வெயில் படாத, மின்மோட்டார் ஓடாத, உலர்ந்த அறையில் வைக்க வேண்டும். இடவசதி கருதிப் பட்டாசு ஆலையின் கிடங்கிலோ அதன் சுற்றுக்கட்டிலோ ஒரு டயரைக்கூட வைக்கலாகாது. வெடிபொருளுக்கு உரிமம் பெற்ற கட்டடத்தில் வேறு பொருளுக்கு இடமில்லை. பற்றிக்கொண்ட ரப்பரை அணைப்பது தண்ணீருக்கு எளிதில் இயலாத காரியம்.